கல்லாக்ஸ் அலமாரியில் பழைய கன்சோல்கள்: 33 சென்டிமீட்டர் கணக்கு

பழைய வீடியோ கேம் கன்சோல் சேர்ப்பவர்களின் வீட்டுப் படங்களைப் பார்த்தால், எந்த நாடாக இருந்தாலும் பின்னால் அதே சதுரக் கட்டங்கள்தான் நிற்கும். மரச்சாமான் கம்பெனி ஐக்கியாவின் கல்லாக்ஸ் அலமாரி. முன்பு எக்ஸ்பெடிட் என்று இருந்ததை 2014-இல் நிறுத்திவிட்டு, உள்ளளவை அப்படியே விட்டு, வெளிச்சட்டத்தை மட்டும் மெலிதாக்கி இந்தப் பெயரில் கொண்டுவந்தார்கள். எல்.பி. இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு இது ஏன் பிடித்துப்போனது என்பதில் மர்மம் இல்லை. 12 அங்குலத் தட்டின் உறை அந்தக் கட்டத்துக்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். அதைப் பார்த்துக் கன்சோல்காரர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். ஆனால் இசைத்தட்டுக்கு வயர் கிடையாது, மூடி திறக்காது, சூடாகாது. கன்சோலுக்கு மூன்றும் உண்டு.

இங்கே பார்ப்பது 2×4 அளவு: எட்டுக் கட்டம், வெளியளவு 77×147 செ.மீ., ஆழம் 39 செ.மீ. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். அணைத்து வைத்த கன்சோலைக் காட்சிக்கு வைக்க 10-க்கு 8. வயர் மாட்டி அங்கேயே வைத்து ஆட, வாங்கிய கோலத்திலேயே என்றால் 5. சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து தூக்கி வைத்தால் 7 வரை கொடுக்கலாம். அதற்கு மேல் போகாது. காரணம் அகலம்.

எது அடங்கும், எது அடங்காது

ஒரு கட்டத்தின் உள் அகலமும் உயரமும் 33 செ.மீ. என்று கணக்கு வையுங்கள். நின்டெண்டோவின் என்இஎஸ் 25.6 செ.மீ. அகலம், அதன் ஜப்பானிய வடிவமான ஃபாமிகாம் 15, நின்டெண்டோ 64 பெட்டி 26, சேகா சாட்டர்ன் 26, முதல் மெகா டிரைவ் 28, முதல் பிளேஸ்டேஷன் 27. இவை எல்லாம் இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் விட்டு உட்காரும். டிரீம்காஸ்ட் 19 செ.மீ.தான், பக்கத்தில் ஒரு கன்ட்ரோலரையும் நிறுத்தலாம். கேம்கியூப் 15 செ.மீ., ஒரே கட்டத்தில் இரண்டு நிறங்களை அருகருகே வைக்கலாம்.

தடித்த பிளேஸ்டேஷன் 2 அகலம் 30.1 செ.மீ. படுக்கவைத்தாலும் அடங்கும், நிறுத்தினாலும் அடங்கும். நிறுத்தினால் தலைக்கு மேல் 3 செ.மீ.கூட மிஞ்சாது என்பதால், உள்ளே தள்ளும்போது சாய்த்துத் தள்ள வேண்டும். காற்றை அது பின்பக்கமாகத் தள்ளுவதால், பின்பலகை இல்லாத கல்லாக்ஸ் அதற்கு ஒத்துவரும்.

சிக்கல் தொடங்குவது முதல் எக்ஸ்பாக்ஸில். அகலம் 32 செ.மீ. பக்கத்துக்கு 5 மி.மீ. மிஞ்சும். அளவு நாடாவில் பார்த்தால் 'அடங்குகிறது' என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்குக் காற்றுத் துளைகள் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கின்றன. பக்கப் பலகை துளையை மூடிக்கொண்டால் பின்னால் இருக்கும் விசிறி இழுக்கக் காற்று கிடைக்காது. பின்பக்கம் திறந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லிப் பயனில்லை, அது வெளியேறும் வழி மட்டும்தான். முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 3 அதைவிட மோசம், 32.5 செ.மீ. இந்த இரண்டையும் கட்டத்துக்குள் வைத்து ஆடக் கூடாது. பார்க்க மட்டும் வைக்கலாம், அல்லது அலமாரியின் தலைமேல் வைக்கலாம்.

அடங்கவே அடங்காதவையும் உண்டு. அட்டாரி 2600, மரப்பட்டை ஒட்டிய அந்தப் புகழ்பெற்ற முகத்தோடு, 34 செ.மீ. சொச்சம். நேராக வைக்க முடியாது. பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அந்த முகமே தெரியாது, பிறகு அதைக் காட்சிக்கு வைத்து என்ன லாபம்? மெகா டிரைவ் 2-ஐயும், அதோடு சேர்த்து மாட்டும் சிடி பெட்டியான மெகா சிடி 2-ஐயும் இணைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நீளும், அதுவும் உள்ளே போகாது. முதல் மெகா டிரைவ் மெகா சிடியின் முதுகில் ஏறி உட்காரும் வகை என்பதால் தப்பிக்கும்.

ஆழம் 39 செ.மீ. இருப்பது இந்த அலமாரியின் உண்மையான பலம். கன்சோலின் ஆழத்தோடு, பின்னால் வீடியோ வயரின் தலைக்கு 5 செ.மீ., முன்னால் கன்ட்ரோலர் பிளக்குக்கு 5 செ.மீ. சேர்த்துப் பாருங்கள். நின்டெண்டோ 64 என்றால் 19+5+5, மொத்தம் 29. தாராளம். இதே ஐக்கியாவின் பில்லி அலமாரி 28 செ.மீ. ஆழம்தான். அகலம் 80 செ.மீ., ஒரு தட்டு 30 கிலோ தாங்கும் என்று ஆசைகாட்டும். வயர் மாட்டினால் பின்பலகையில் துளை போட்டே ஆக வேண்டும். காட்சிக்கு மட்டும் என்றால் பில்லி நல்ல தேர்வு, அட்டாரியும் அதில் நேராக நிற்கும்.

மூடி திறக்கும் உயரம்

33 செ.மீ. உயரத்தில் 7 செ.மீ. கன்சோல் ஒன்று மட்டும் இருந்தால் மேலே பாதிக்கு மேல் வெற்றிடம். பார்க்க நன்றாக இருக்காது, இடமும் வீண். அதனால் கட்டத்துக்கு நடுவே ஒரு தட்டு செருகுகிறார்கள். கல்லாக்ஸுக்கென்றே நடுத்தட்டு வைத்த செருகுபெட்டி விற்கிறது. 5 மி.மீ. அக்ரிலிக்கில் மேசை வடிவில் வளைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. 3 மி.மீ. அக்ரிலிக் வாங்காதீர்கள். இரண்டு கிலோ எடையை மாதக்கணக்கில் தாங்கினால் நடுவில் தொங்கிப்போகும், பிறகு நிமிராது.

நடுத்தட்டு போட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 16 செ.மீ. உயரம். முன்னால் குறுந்தட்டோ கேசட்டோ போடும் கன்சோலுக்கு மட்டும்தான் அந்த உயரம் சரிவரும்: என்இஎஸ், பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ். மேலிருந்து கேசட் செருகும் ஃபாமிகாம், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், நின்டெண்டோ 64 இவற்றுக்குக் கேசட்டின் உயரமும் வேண்டும், அதைப் பிடித்து நேராக இழுக்கக் கையும் நுழைய வேண்டும். கை நுழையாவிட்டால் சாய்த்து இழுப்போம். சாய்த்து இழுத்தால் ஸ்லாட்டுக்குள் இருக்கும் பின்கள் வளையும். கேம்கியூப் நிலைமை இன்னும் நெருக்கடி: உயரமே 11 செ.மீ., மேல்மூடி எழும்பும்போது இன்னொரு அவ்வளவு கேட்கும். முதல் பிளேஸ்டேஷன், சாட்டர்ன், டிரீம்காஸ்ட் மூன்றுக்கும் மேல்மூடிதான். ஆக, நடுத்தட்டுக்கு மேலும் கீழும் வைப்பவை அணைத்து வைத்தவையாக இருக்கட்டும். ஆடுகிற மேல்மூடிக் கன்சோலுக்கு முழுக் கட்டம் கொடுங்கள்.

கேம்களுக்கும் ஒரு கணக்கு. டிவிடி உறை 14 மி.மீ. தடிமன், 19 செ.மீ. உயரம். ஒரு வரிசையில் 23 நிற்கும். ஆழத்தில் இரண்டு வரிசை போகும் என்றாலும் பின்வரிசையில் இருப்பது இருப்பதாகவே நினைவிருக்காது. நடுத்தட்டு போட்ட கட்டத்தில் டிவிடி உறையை நிறுத்த முடியாது, படுக்கத்தான் போட வேண்டும்.

எடையும் உள்ளீடற்ற பலகையும்

ஒரு தட்டு 13 கிலோ தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. கன்சோலுக்கு அது போதும். எக்ஸ்பாக்ஸ் 3.9 கிலோவுக்குள்தான், தடித்த பிளேஸ்டேஷன் 3 ஐந்து கிலோ. தவறு நடப்பது டியூப் டிவியில். பழைய கன்சோலைப் பழைய டிவியில் ஆடினால்தான் படம் படமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு கட்டத்தில் டிவியைச் செருகப் பார்ப்பார்கள். 14 அங்குல டியூப் டிவியே அகலத்தில் 33-ஐத் தாண்டும். சரி, அலமாரியைப் படுக்கவைத்து மேலே வைக்கலாமா? பலகைக்குள் கெட்டி மரம் இல்லை. மெல்லிய மேற்தகட்டுக்கு நடுவே தேன்கூடு மாதிரி மடித்த காகிதம்தான் பெரும்பகுதி. இருபது கிலோ டிவியின் நான்கு சிறு கால்கள் அந்த இடத்தில் குழி போடும். நிறுத்திய அலமாரியின் உச்சியில் வைப்பதை யோசிக்கவே வேண்டாம். டியூப் டிவிக்குப் பாரமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில். டிவிக்குத் தனி மேசை போடுங்கள்.

பலகையின் நடுவில் ஆணியோ திருகோ பிடிக்காததற்கும் அந்தக் காகிதமே காரணம். கன்ட்ரோலர் மாட்டக் கொக்கி அடிக்கிறேன் என்று ஆரம்பித்தால் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. கொக்கியை ஒட்டித்தான் மாட்ட வேண்டும். ஒட்டியதைப் பிய்க்கும்போது மேலே இருக்கும் வண்ணத் தாளும் கூடவே உரிந்து வரும். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடுகாட்டி, மீன்பிடி நரம்பை உள்ளே விட்டு அறுத்தால் தப்பிக்கலாம்.

சுவரிலிருந்து 5 செ.மீ.

பின்னால் பலகை இல்லை என்பதால் வயர் போக வழி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். வழி இருக்கிறதுதான், சுவரோடு ஒட்டாத வரை. கவிழாமலிருக்கக் கூடவே வரும் இரும்புப் பட்டையால் அலமாரியைச் சுவரில் பூட்டினால் பின்புறம் முழுக்கச் சுவராகிவிடும். எட்டுக் கட்டத்து வயரும் ஒன்றன்மேல் ஒன்று இறங்க இடம் இருக்காது. பூட்டாமல் விட்டால் குழந்தை ஏறினால் கவிழும். இரண்டும் வேண்டாம்.

வழி இதுதான். 5 செ.மீ. தடிமன் ரீப்பர் கட்டை இரண்டு வாங்கி, அலமாரியின் உச்சியை ஒட்டிய உயரத்தில் முதலில் சுவரில் பூட்டுங்கள். செங்கல் சுவரில் 8 மி.மீ. துளையும் ரால் பிளக்கும் போதும். திருகு கட்டையைத் தாண்டிச் சுவருக்குள் குறைந்தது 4 செ.மீ. போக வேண்டும், பூச்சுக்குள் மட்டும் நின்றால் பிடிமானம் கிடையாது. பிறகு இரும்புப் பட்டையைக் கட்டையில் திருகுங்கள். பின்னால் முழு உயரத்துக்கும் 5 செ.மீ. சந்து கிடைக்கும், காற்றும் மேலேறும். நம் வீடுகளில் சுவரோரம் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒரு செ.மீ. துருத்திக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்து ரசமட்டம் பிடித்துப் பாருங்கள். முன்னால் சாய்ந்து நின்றால் வட்ட அடி வைத்த எந்தப் பொருளும் மெல்ல நகர்ந்து வந்து விளிம்பில் நிற்கும்.

தரையிலிருந்து தூக்கி

கல்லாக்ஸுக்குக் கால் இல்லை, அடிப்பலகை நேராகத் தரையில் படுகிறது. ஐரோப்பிய வீட்டுக்கு அது பரவாயில்லை. தினமும் ஈர மாப் போடும் வீட்டில் அடி விளிம்பு தண்ணீரை உறிஞ்சி உப்பும். உப்பிய மரத்தூள் பலகை காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். 19 மி.மீ. பிளைவுட்டில் 77×39 அளவுக்கு ஒரு பலகை வெட்டி, அதன் அடியில் 10 செ.மீ. பிளாஸ்டிக் கால் ஆறு போட்டு, அதன்மேல் அலமாரியை உட்காரவையுங்கள். காலை நேரடியாக அலமாரியின் அடியில் திருகக் கூடாது, அங்கேயும் உள்ளே காகிதம்தான். கரையான் தொல்லை உள்ள வீட்டுக்கும் இந்த 10 செ.மீ. நல்லது. மண்கோடு ஏறுவது கண்ணில் படும்.

பூச்சி என்று வந்துவிட்டதால் சொல்லிவிடலாம். முன்னும் பின்னும் திறந்த கட்டம் பல்லிக்குப் பிடித்த இடம். கரப்பானுக்கு வெதுவெதுப்பான கன்சோலின் உட்புறம். அட்டைப்பெட்டி சேர்ப்பவர்களுக்கு ராமபாணப் பூச்சி. உடனே அந்துருண்டை போடத் தோன்றும். போடாதீர்கள், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். கேசட் ஸ்லாட்டுக்கு மூடி வாங்கிப் போடுங்கள். அட்டைப்பெட்டிக்குப் பெட் (PET) பிளாஸ்டிக் உறை போட்டு உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளாக நாளாக அச்சில் ஒட்டிக்கொள்ளும்.

தூசு விஷயத்தில் கல்லாக்ஸ் எந்த உதவியும் செய்வதில்லை. வெறும் தூசு என்றால் ஒரு அங்குல மென்மையான பெயின்ட் பிரஷ்ஷே போதும். சமையலறைக்கு நேரெதிரே வைத்தால் தாளிப்புப் புகையும் தூசும் சேர்ந்து பிசுக்காகிவிடும், பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பிராணிப் புகை. அந்தப் பிசுக்கு மெகா டிரைவின் கருப்புப் பளபளப்பில் படிந்த பிறகு துடைத்தால் கீறல் விழும். கண்ணாடி அலமாரிதான் தீர்வு என்பவர்களுக்கு ஐக்கியாவின் டெட்டோல்ஃப் நினைவுக்கு வரும். அதை நிறுத்திவிட்டார்கள், அடுத்து வந்தது அதைவிடக் குறுகல். இரண்டின் கண்ணாடித் தட்டுகளிலும் வயர் போகத் துளை இல்லை.

வெயிலும் விளக்கும்

சூப்பர் நின்டெண்டோவின் சாம்பல் மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி பழுப்பு என்று பல வீடுகளில் நிற்கும். ஒரே பெட்டிதான், ஆனால் இரண்டு பாதிக்கும் பிளாஸ்டிக் கலவை வேறு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள், புற ஊதாக் கதிர், வெப்பம், காற்றின் ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே இந்த அலமாரியை வைத்தால் எந்தக் கட்டம் எத்தனை மணிக்கு வெயில் வாங்கியது என்று பின்னாளில் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் பூசி வெளுக்க வைக்கலாம்தான். கிரீம் சீராகப் படியாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும், ஒழுங்காகச் செய்தாலும் பழுப்பு திரும்பி வருவதுண்டு. திரையை இழுத்துவிடுவது மலிவு.

கட்டத்துக்குள் வெளிச்சத்துக்கு எல்இடி பட்டை போதும், அதில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். மீட்டருக்கு 60 எல்இடி, 4.8 வாட் வகை 12 வோல்ட் பட்டையை எடுத்துக்கொள்வோம். கட்டத்துக்கு 30 செ.மீ., எட்டுக்கும் 2.4 மீட்டர், மொத்தம் 11.5 வாட். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் பாதி பாரத்தில் ஓடும், சூடாகாது. பட்டையைக் கட்டத்தின் மேல்பலகையில் பின்பக்கம் ஒட்டுவதுதான் வழக்கமான தவறு. சுவர் பளிச்சென்றிருக்கும், கன்சோல் நிழலாக நிற்கும். முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி, வெள்ளை மூடி போட்ட அலுமினியச் சட்டத்தில் பதியுங்கள். பெயர் எழுத்துக்கள்வரை தெரியும்.

அடாப்டர் என்னும் தலைவலி

எட்டுக் கட்டம், எட்டுக் கன்சோல், எட்டு அடாப்டர். சேகா பிரியர் என்றால் இன்னும் கஷ்டம்: மெகா டிரைவ், மெகா சிடி, மேலே செருகும் கூடுதல் பெட்டியான 32எக்ஸ் மூன்றையும் சேர்த்து மாட்டினால் ஒரே கன்சோலுக்கு மூன்று அடாப்டர். இவை பெரும்பாலும் சுவரில் நேராகச் செருகும் குண்டு வகை. சாதாரண ஸ்பைக் பஸ்டரில் ஒன்று போட்டால் பக்கத்து ஓட்டையும் மூடிக்கொள்ளும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி விட்ட, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச் வைத்த போர்டை வாங்கி, பின்னால் விட்ட அந்த 5 செ.மீ. சந்தில் அல்ல, அலமாரிக்குப் பக்கவாட்டில் சுவரில் மாட்டுங்கள். அடாப்டர்கள் சந்துக்குள் நுழையாது.

கன்சோலைக் கொன்றுவிடும் தவறு அடாப்டரை மாற்றிச் செருகுவது. செருகும் பின் பல இடங்களில் ஒன்று போலவே இருக்கும், மின்சாரம் வேறு. என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. அதை டிசியாக மாற்றும் பாகம் கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், பின்னின் நடுமுனை மைனஸ். உள்ளே மாற்றும் பாகம் இல்லை. என்இஎஸ் அடாப்டரை ஃபாமிகாமில் செருகினால் சேதம்தான். சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானிய வடிவமான சூப்பர் ஃபாமிகாமுக்கும் ஃபாமிகாமின் அதே அடாப்டர் பொருந்தும். அமெரிக்க சூப்பர் நின்டெண்டோ 10 வோல்ட் டிசி, அதற்கென்றே தனி வடிவப் பின். ஐரோப்பிய சூப்பர் நின்டெண்டோவோ 9 வோல்ட் ஏசி. முதல் மெகா டிரைவ் நடுமுனை மைனஸ், மெகா டிரைவ் 2 நடுமுனை பிளஸ், பின்னும் சிறியது. 90களில் இங்கே 'டிவி கேம்' என்று விற்ற 60 பின் கேசட் மெஷின்களுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருக்கும், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் வட்டக் குறியைப் பார்த்து, மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்த பிறகே செருகுங்கள்.

எனவே அலமாரியில் எதையும் ஏற்றும் முன் செய்ய வேண்டிய வேலை லேபிள் ஒட்டுவது. கன்சோலில் செருகும் பின்னிலிருந்து 5 செ.மீ. தள்ளி வயரில் ஒன்று, போர்டில் செருகும் முனையில் இன்னொன்று. கன்சோல் பெயர், வோல்ட், ஏசியா டிசியா, நடுமுனை பிளஸ்ஸா மைனஸா. பேனா மை அழியும், அச்சடித்த லேபிள் நிற்கும்.

ஜப்பானிலிருந்து வந்த சரக்கு 100 வோல்ட், அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட். பழைய அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். அடாப்டர் தனியாக உள்ள கன்சோல் என்றால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் புது அடாப்டர் வாங்கினால் முடிந்தது. சாட்டர்ன், முதல் பிளேஸ்டேஷன், டிரீம்காஸ்ட், தடித்த பிளேஸ்டேஷன் 2 ஆகியவற்றுக்கு மின்பகுதி உள்ளேயே இருக்கிறது, ஜப்பானியப் பெட்டி என்றால் 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் 100 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறன் போதும். அது கனம், சூடாகும், மெல்ல உறுமும். கட்டத்துக்குள் வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தாமதமாகவே தெரிகிறது. கன்ட்ரோலர் வயரைக் கன்சோலின் மேல் சுருட்டி வைத்தால் பார்க்க அழகுதான். வயரின் மேலுறை மென்மையான பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, படும் இடத்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கும். சில வருடம் கழித்து எடுத்தால் வயர் கிடந்த தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும், எதைத் தேய்த்தாலும் போகாது. வயரைத் தனியாக, கட்டத்தின் பலகையில் படும்படி வளையமாகச் சுற்றி வையுங்கள். கன்ட்ரோலரையே சுற்றி இறுக்கிக் கட்டுவதும் கூடாது, வயர் உள்ளே நுழையும் கழுத்து முறியும்.

ஏற்றும் முன் உள்ளே பார்க்க வேண்டியவை

காட்சிக்கு வைத்துவிட்டால் ஒரு வருடம் தொட மாட்டோம். அணைத்து வைத்திருக்கும்போதே கெடும் கன்சோல்கள் உண்டு. முதல் எக்ஸ்பாக்ஸின் மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. 1.0 முதல் 1.5 வரையான பதிப்பு போர்டுகளில் அது கசிந்து பக்கத்துத் தாமிரக் கோடுகளை அரிக்கும். வெளிப்பெட்டியில் நட்சத்திரத் தலை கொண்ட டி20 டார்க்ஸ் திருகு ஆறு: நான்கு ரப்பர் கால்களுக்கு அடியில், இரண்டு லேபிளுக்கு அடியில். உள்ளே டிரைவ்களைக் கழற்ற டி10. கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, சுற்றுப்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்தால் போதும். மின்சாரம் துண்டித்தால் தேதி மறந்துபோகும், வேறு இழப்பில்லை. 1.6 போர்டு என்றால் கை வைக்காதீர்கள், அதில் இருக்கும் வகை வேறு.

டிரீம்காஸ்ட்டில் பற்றவைத்திருக்கும் பேட்டரி எம்எல்2032, சார்ஜ் ஏறும் வகை. பார்க்க அச்சு அசல் சிஆர்2032 போலவே இருக்கும். சிஆர் வகையை அப்படியே மாற்றிப் போட்டால் கன்சோல் அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், ஆபத்து. சாட்டர்னில் பின்பக்க மூடிக்குள் இருப்பது சாதாரண சிஆர்2032தான், தீர்ந்தால் சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் போகும். கையடக்கக் கன்சோல்களான கேம் பாய், கேம் கியர் இவற்றிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டே அலமாரியில் வையுங்கள். கசிந்த பேட்டரிப் பூப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹால்.

எந்தக் கட்டத்தில் எதை? கண் உயரத்துக்கு வரும் மேல் வரிசையில் ஃபாமிகாம், சூப்பர் ஃபாமிகாம் போலச் சிறியவை. இரண்டாவது, மூன்றாவது வரிசைகள் உட்கார்ந்து ஆடும்போது கன்ட்ரோலர் வயர் எட்டும் உயரம், மாட்டி வைப்பவை அங்கே. அடி வரிசையில் கேம் உறைகள். கனமும் கீழே இருக்கும், அலமாரியும் அசையாது.

ஆசாரியிடம் கொடுத்தால்

ஐக்கியா கடை பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம் என்பதே இந்த மதிப்புரையின் கருத்து. கல்லாக்ஸின் குறை அகலம்; ஆசாரியிடம் சொன்னால் 38 செ.மீ. அகலத்தில் கட்டம் போட்டுத் தருவார். எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷன் 3-உம் மூச்சுவிடும், அட்டாரி நேராக உட்காரும், கெட்டிப் பலகை என்பதால் கொக்கியும் பிடிக்கும். அதே எட்டுக் கட்டம், 19 மி.மீ. ஈரம் தாங்கும் பிளைவுட், ஆழம் 40, கட்டத்தின் உயரம் 34, அகலம் 38 என்று வைத்துக்கொண்டால் வெளியளவு 81.7×145.5 செ.மீ. வரும்.

8×4 அடி ஷீட்டை நீளவாக்கில் 40 செ.மீ. பட்டையாக அறுத்தால் மூன்று கிடைக்கும், அறுக்கும் சேதாரம் போக ஒரு செ.மீ. மிஞ்சும். முதல் பட்டையில் ஒரு பக்கப்பலகை 145.5, ஒரு தட்டு 77.9. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் 77.9 அளவில் மூன்று தட்டு. பாக்கி வேண்டியது நடுத்தடுப்புக்கு 34 செ.மீ. துண்டு நான்கு, அதாவது 136×40 அளவில் ஒரே ஒரு துண்டு. அதற்காக இன்னொரு முழு ஷீட் வாங்க வேண்டாம், கடையில் வெட்டி மிஞ்சிய துண்டாகக் கேட்டுப் பாருங்கள். வெள்ளை மைக்கா ஒட்டுவதாக இருந்தால் மேட் வகையைச் சொல்லுங்கள், பளபளப்பில் எல்இடி புள்ளி புள்ளியாகத் தெரியும். மைக்கா இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. வீதம் தடிமன் கூட்டும். தட்டை 77.9-க்கு அறுக்கும் முன் ஆசாரிக்கு அதை நினைவூட்டுங்கள்.